சுவரில் தொங்காத முகங்கள்

அண்மைக் காலத்தில் நம்மவரிடையே ஒரு புதிய பக்தி தோன்றியிருக்கிறது. பழைய புகைப்படங்களின் மீது எழுந்துள்ள பக்தி அது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்து கதிரையில் வீற்றிருக்கும் பாட்டனாரைப் பெட்டியினின்றும் வெளியே எடுத்துத் தூசு தட்டி, பெரிதாக்கி, வர்ணமூட்டி உறவினர்க்கெல்லாம் அனுப்பிவைக்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களின் பக்கங்களை இத்தகைய பாட்டன்மார் நிரப்புகின்றனர். குடும்ப வரலாற்றைப் பேணும் தொண்டு என்று இதற்குப் பெயர்.

பேணுதல் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலானதை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் நாம். பேணப்படாதது என்னவாகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது வினா வேறு. எந்தக் குடும்பம்? யாருடைய வரலாறு? படத்தைப் பேணுகிறவர் எதைப் பேணுகிறார், எதை வெட்டி எறிகிறார்? இவ்வினாக்களை எழுப்பினால், ‘குடும்ப விடயத்திலும் வர்க்கத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறார்கள்’ என்று முகஞ்சுளிப்போர் உளர். நாம் கொண்டுவந்து நுழைக்க வேண்டிய அவசியமே இல்லை. அது முன்னரே படத்துக்குள் நுழைந்து, நடுவிலுள்ள கதிரையிற் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறது.

அந்தக் கதிரையைச் சற்றே கவனிப்போம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் படம் எடுப்பித்துக்கொண்டவர் யாவர்? காணி பூமி உடையோர், கச்சேரி உத்தியோகத்தர், மலாயாவிற் புகையிரதப் பகுதியில் உழைத்துப் பென்சனுடன் ஊர் திரும்பியோர், நியாயதுரந்தரர், பாதிரிமாரின் கல்லூரிகளிற் படித்து வெளியேறியோர். கமராக்காரரை வீட்டுக்கு அழைத்தாலும், ஸ்ரூடியோவுக்குக் குடும்பத்தோடு சென்றாலும், அமைப்பு ஒன்றே. பின்னால் தூணும் படிக்கட்டும் தீட்டிய திரைச்சீலை. நடுவிலே குடும்பத் தலைவர்; கடிகாரச் சங்கிலி தெரியும்படி கோட்டு சற்றே விலகியிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு மேசை, அதன்மேல் ஒரு புத்தகம். மனைவி நகைகளின் பாரத்தோடு நிற்பாள். படத்தின் பின்புறத்திலே தலைவரின் பெயரும் பட்டமும் உத்தியோகமும் எழுதப்பட்டிருக்கும். மனைவிக்கு ‘இன்னாரின் பாரியார்’ என்பதற்குமேல் ஒன்றும் இராது. இது மனைவியின் நிலை. ஓரத்தில் நிற்கும் வேலைக்காரச் சிறுமிக்கோ அதுவும் இல்லை.

அவ்வாறு ஓரத்தில் நின்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

வரலாற்றுப் பாடத்துக்கு உதவியாக, தத்தம் குடும்பத்தின் மிகப் பழைய படத்தைக் கொண்டுவருமாறு பத்தாம் வகுப்பு மாணவரை நாம் ஒருமுறை கேட்டிருந்தோம். சிலர் அல்பங்களோடு வந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் வெறுங்கையுடன் வந்தனர். ஒரு மாணவி தன் பேர்த்தியாரின், அதாவது பாட்டியாரின், அடையாள அட்டையின் பிரதியைக் கொண்டுவந்தாள். இதைவிட வேறு படம் இல்லையா என்று கேட்டதற்கு அவள் சொன்ன மறுமொழி இது: ‘இருக்குது சேர். ஆனால் அது எங்கடை வீட்டிலை இல்லை.’

விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. பாட்டியார் சிறு வயதில் ஒரு பெரிய வீட்டிலே பிள்ளை தூக்கும் வேலைக்கு விடப்பட்டவர். அவ்வீட்டார் குடும்பப் படம் எடுத்த நாளில் கைக்குழந்தை அழுதது. குழந்தையை அமர்த்துவதற்காக அவரையும் ஓரத்தில் நிறுத்தி, இடுப்பிலே குழந்தையைக் கொடுத்தார்கள். படம் எடுக்கப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து, பெரிய உத்தியோகம் பார்த்து, பிறதேசம் சென்று, முதிர்ந்து காலமாகியது. அவருக்கு வெளியிட்ட கல்வெட்டிலே குழந்தைப் பருவப் படம் என்று அதே படத்தை அச்சிட்டிருந்தார்கள். கல்வெட்டின் பிரதி ஒன்று மாணவியின் வீட்டுக்கும் கிடைத்தது. அதை மறுநாள் அவள் கொண்டுவந்து காட்டினாள். குழந்தை சிரிக்கிறது. அதன் வயிற்றைச் சுற்றி ஒரு மெல்லிய கை அணைத்திருக்கிறது. அந்தக் கைக்கு உடையவள் இல்லை. கத்தரித்துவிட்டார்கள்.

வேண்டுமென்று அவமதித்ததாக நாம் குற்றஞ்சாட்டவில்லை. அச்சகத்திலே பக்கத்துக்கு ஏற்றவாறு படத்தை நறுக்கியவருக்கு அந்தச் சிறுமி யாரென்றே தெரிந்திராது. இங்கேதான் விடயம் இருக்கிறது. யாரென்று தெரியாதபடி அவளை வைத்திருந்தது எந்தத் தனிமனிதரின் கெடுமதியும் அன்று. ஒரு சமுதாய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படி, நிலமும் நெல்லும் கிணறும் எவ்வாறு சிலருக்கு உரியனவோ, அவ்வாறே முகமும் பெயரும் சிலருக்கே உரியன. மற்றோர் அவர்களது வரலாற்றிலே கைகளாக மட்டும் இடம்பெறுவர்.

யாழ்ப்பாணத்துக் கல்வெட்டு என்ற இலக்கிய வகையைப் பற்றி நமது விமர்சகர் போதிய கவனஞ் செலுத்தியதில்லை. கல்லில் வெட்டப்படாத இந்தக் கல்வெட்டு, இறந்தவரின் முப்பத்தோராம் நாளிலே வந்தவர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூல். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், அடுத்து திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கைச் சுருக்கம், ஈற்றிலே வம்சாவளி. நம் மக்களின் குடும்ப வரலாறு அதிக அளவில் அச்சேறியிருப்பது இந்நூல்களிலேதான். ஆராய்வாருக்கு அவை புதையல், ஐயமில்லை. ஆனால் எத்தனையோ கல்வெட்டுக்களை வாசித்துவிட்டோம். அவற்றில் எவரும் எவருடைய காணியையும் ஈடு வைத்து விழுங்கியதில்லை. எவரும் சாதியின் பேரால் எவரையும் வாசலில் நிறுத்தியதில்லை. எல்லோரும் வள்ளல்கள், எல்லோரும் கோயில் தருமகர்த்தாக்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கக் கூடாதென்று கிளர்ச்சி செய்தவர்கள் யார்? 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்களை மறித்து நின்றவர்கள் யார்? அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தனர், அவர்களுக்கும் முப்பத்தோராம் நாள் வந்தது, கல்வெட்டும் வந்தது. வாயில் மறித்த கதைதான் வரவில்லை.

இனி மலைநாட்டுக்கு வருவோம். அங்கே படத்துக்குப் பஞ்சம் இல்லை. உலகத்திலே மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட உழைப்பாளர் வரிசையில் இலங்கைத் தோட்டப் பெண்ணை வைத்தாலும் தகும். கொழும்பிலே 1890இல் தொடங்கிய பிளாற்றே கம்பனியும், அதற்கு முன்னர் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரும் கொழுந்து பறிக்கும் பெண்ணை ஆயிரமாயிரம் படங்களிலும் தபாலட்டைகளிலும் அச்சிட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்றனர். கூடை தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, பின்னால் மலை தெரிகிறது. கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள்’ என்று இருக்கும். பெயர் இராது. அவளது படம் சீமையிற் பல வீடுகளிலே சுவரை அலங்கரித்தது. அவளது லயத்துச் சுவரில் அது தொங்கியதில்லை.

இந்த அநாமதேயத்தின் தோற்றுவாயில் ஒரு பெரிய கலைஞரும் நிற்கிறார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரெனப் போற்றப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவரது கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் அம்மையார் இறந்தார். பொகவந்தலாவையிலுள்ள ஆங்கிலத் தேவாலய வளவிலே அவர் புதைக்கப்பட்டிருக்கிறார். இங்கிலாந்திலே அவர் எடுத்த முகங்கள் யாருடையவை என்பதை உலகம் அறியும்: டார்வின், டெனிசன், ஹேர்ஷல். இலங்கையிலே அவர் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பன மிகச் சில. களுத்துறைக் குடியானவர் சிலர், உழைப்பாளர், பெண்கள், சிறுவர். ஒளியும் நிழலும் அதே திறமையோடு கையாளப்பட்டுள்ளன. முகங்களில் அதே கம்பீரம் உண்டு. பெயர்கள் மட்டும் இல்லை. டார்வினுக்குப் பெயர் வேண்டும், கூலிக்குப் பெயர் எதற்கு என்று அம்மையார் எண்ணியிருக்கமாட்டார். அவ்வாறு எண்ணவேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. அந்த உழைப்பாளரின் உழைப்பிலே வந்த பணத்தைக்கொண்டு வாழ்ந்த வர்க்கத்தின் கண் அது. கலைத்திறன் என்பது இந்தக் குருட்டினைத் தானாகத் தீர்த்துவிடுவதில்லை. கலை கலைக்காகவே என்று இன்றும் பேசிக்கொண்டிருப்போர் இந்தப் படங்களை அவற்றின் தலைப்புகளோடு சேர்த்துப் பார்ப்பார்களாக.

பெயரற்றோராய் வைக்கப்பட்டவரை 1948இல் நாடற்றோராகவும் ஆக்கினார்கள். அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை உரிமையற்றவராக்கிற்று. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தாய் இங்கே, மகள் அங்கே. 1948இல் தொடங்கிய இந்த அநீதியைச் சட்டத்தளவிற் பெருமளவுக்குத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நமது பொருளுக்குச் சம்பந்தமான ஒன்று இங்கே உண்டு. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். லயத்திலே பிறந்து லயத்திலே முதிர்ந்த பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கமராவின் முன் உட்கார்ந்தது நாட்டை விட்டு அனுப்பப்படுவதற்காகவே. மலைநாட்டிலே நாம் கற்பித்த காலத்தில் ஒரு முதியவர் காட்டிய தபால்முத்திரை அளவான படம் நினைவுக்கு வருகிறது. கடவுச்சீட்டுக்கென எடுத்த பிரதிகளில் மிஞ்சிய ஒன்றைத் தமக்கை அவரிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாருக்குப் புகைவண்டி ஏறியிருக்கிறார். அப்பால் நீலகிரியிலே எங்கோ ஒரு தேயிலைத் தோட்டம். கடிதங்கள் சில வந்தன, பிறகு நின்றுபோயின. அக்குடும்பத்தின் புகைப்படச் சேகரம் முழுவதும் அந்த ஒற்றைப் படம்தான். படத்தில் இருப்பவர் நேரே பார்க்கிறார். சிரிக்கக் கூடாதென்று சொல்லியிருப்பார்கள்.

அரசாங்கத்தின் கமராவே ஏழையின் கமரா. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் இவ்வகையினதே. சோதனைச் சாவடியில் நீட்டுவதற்காக எடுத்த படம், இறந்தபின் சுவரிலே பெரிதாக்கி மாட்டும் படமாகிறது. பெரிதாக்கிய முகத்திலே முத்திரையின் வளைகோடு ஒன்று கன்னத்தை அறுத்துக்கொண்டு போவதைப் பல வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், படைத்தரப்பினர் குடும்பத்தை வீட்டு முற்றத்திலே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய காலமும் வடக்கில் உண்டு. 2011இல் இதற்கு எதிராக உயர்நீதிமன்றம் வரையிற் செல்ல நேர்ந்தது. இலட்சணமான குடும்பப் படங்களே அவையும்; மூத்தோர் நடுவில், பிள்ளைகள் முன்னால். ‘பரம்பரை’ நூல்களை அச்சிடும் அன்பர்கள் இந்த அல்பத்தையும் ஒருதரம் நினைத்துப்பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 30 என்ற திகதி நமது நாட்காட்டியில் ஏன் இவ்வாறு திரும்பத் திரும்ப வருகிறதோ தெரியவில்லை. 1964இல் ஒப்பந்தம். 1990இல் அதே திகதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர் அம்மாதத்தில் அகற்றப்பட்டனர். நகையும் பணமுமே பறிக்கப்பட்ட இடத்தில் திருமணப் படத்தை யார் காவிச்சென்றிருப்பார்? 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிலே தென்மராட்சிக்கு நடந்தார்கள். அப்போதும் றங்குப்பெட்டிகள் வீட்டிலேயே நின்றன. திரும்பி வந்தபோது கூரையில்லை, பெட்டியும் இல்லை. வலிகாமத்து இழப்பைப் பற்றிக் கட்டுரைகளும் கவிதைகளும் நம்மிடம் நிறைய உள. சோனகத்தெருவின் அல்பங்களைப் பற்றி நமது மலர்கள் எத்தனை பக்கம் எழுதியிருக்கின்றன? தன் வீட்டுப் பெட்டியை மாத்திரம் தேடுகிறவன் வரலாறு தேடுகிறவன் அல்லன்.

இழந்த படங்கள் ஒரு வகை. நாமே அழித்த படங்கள் இன்னொரு வகை. சுற்றிவளைப்பு நடக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் தாய்மார் அல்பத்தைப் பிரித்து, எந்தப் படத்தில் மகன் யாரோடு நிற்கிறான் என்று பார்த்துப் பார்த்து, சிலவற்றை அடுப்பிலே போட்டார்கள். சிலவற்றைப் பொலித்தீனிற் சுற்றிப் புதைத்தார்கள். தென்னிலங்கையிலும் 1987 முதல் 1990 வரையான பயங்கரத்தின்போது சிங்களத் தாய்மார் இதையே செய்திருப்பர் என்பதில் ஐயமில்லை. வெள்ளமும் கறையானும் எடுத்தனவற்றோடு இவற்றை ஒன்றாக எண்ணக் கூடாது. ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைத் தன் கையாலேயே எரிக்கும் நிலைமைக்கு ஒரு நாட்டைக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

எரிக்காது மிஞ்சிய படங்களை இன்று எங்கே காண்கிறோம்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தெருவோரப் போராட்டப் பந்தல்களிலே காண்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மடியில் வைத்திருக்கும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்தது. தோளில் வேறொரு பையனின் கை கிடக்கிறது. ஒன்று கலியாண வீட்டிலே பந்தியில் இருந்தபோது எடுத்தது. எந்தப் படத்துக்கும் மாலை இல்லை, சந்தனப் பொட்டு இல்லை. நம் வழக்கில் மாலையும் பொட்டும் இறந்தோருக்கு உரியவை. பிள்ளை இறந்தான் என்று சான்றிதழ் தருகிறோம், இழப்பீடு தருகிறோம், ஏற்றுக்கொள் என்று அதிகாரம் சொல்கிறது. பொட்டு வைக்க மறுத்து அத்தாய் பதில் சொல்கிறாள். புகைப்படத்தின் அரசியல் யாது என்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலே ஆங்கில நூல்களைப் புரட்டிக்கொண்டிருப்போர் ஒரு நாள் அந்தப் பந்தலில் வந்து இருக்கலாம். தெற்கிலே சீதுவை, றத்தொலுவைச் சந்தியில், காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞரின் முகங்களைச் சுவரிலே பதித்து எழுப்பியிருக்கும் நினைவுச்சின்னத்தின் முன் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27இல் தாய்மார் கூடுகின்றனர். இரு பந்தலுக்கும் இடையிலுள்ள உறவை எந்த அரசாங்கமும் விரும்பியதில்லை.

நம்முடைய அணியிலும் ஒரு குறை இருக்கிறது; அதையும் சொல்லிவிடுவோம். குடும்ப வரலாறு, பழைய படம் என்றெல்லாம் பேசினால், ‘இது மத்தியதர வர்க்கத்தின் மனநெகிழ்ச்சி, உழைக்கும் மக்களுக்கு வேண்டியது எதிர்காலம்’ என்று வாயடைத்துவிடும் தோழர்கள் உண்டு. முல்லோயாத் தோட்டத்திலே 1940இல் பொலிசாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலிலே வீழ்ந்தோரை நினைவுகூர்கிறோம். அவர்களின் வீட்டார் யாவர், அவ்வீடுகளில் என்ன எஞ்சியிருக்கிறது என்று கதவைத் தட்டிக் கேட்டறியும் வேலையைக் கட்சிகளும் சங்கங்களும் தம் வேலையாகக் கொள்ளவில்லை. தொழிற்சங்க அங்கத்துவ அட்டைகளும் மேதினப் படங்களும் சங்கக் காரியாலயங்களின் அலுமாரிகளிற் செல்லரிக்கின்றன. வரலாற்றை மக்களே படைக்கின்றனர் என்ற வாக்கியம் சரியானது. படைத்தவரின் பெயரை எழுதிவைக்கப் பென்சிலும் வேண்டும்.

‘படம் எடுக்க வசதி இல்லாதோருக்கு நாம் எங்கிருந்து படத்தை உண்டாக்குவது?’ என்று கேட்கப்படலாம். உண்டாக்க வேண்டியதில்லை. அவர்களின் படங்கள் இருக்கின்றன. வேறொருவரின் அல்பத்தில் இருக்கின்றன. குடும்பப் படத்தின் ஓரத்தில், கலியாணப் படத்தின் பின்வரிசையில், தேர்வடத்தைப் பிடித்தோரின் கூட்டத்தில், நெல் அடிக்கும் களத்தில், பாடசாலைக் குழுப்படத்திலே வாங்கில் இடமின்றித் தரையில் இருத்தப்பட்டோரின் வரிசையில் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு படம் ஒரு குடும்பத்தின் சொத்து என்ற எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும். மேலே சொன்ன கல்வெட்டுப் படம் இரண்டு குடும்பங்களுடையது. ஒரு குடும்பம் அதன் மூலப்பிரதியை வைத்திருக்கிறது. மற்றக் குடும்பத்துக்கு அதனைக் கேட்கும் உரிமை உண்டு. உபகாரமாகக் கேட்கும் உரிமையை நாம் கருதவில்லை; பங்காளியாகக் கேட்கும் உரிமையையே கருதுகிறோம்.

ஆதலால் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க வேலை நிறைய இருக்கிறது. அதன் நுட்பங்கள் கடினமானவை அல்ல. படத்தின் பின்புறத்திலே மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். குமிழ்முனைப் பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் வரியாகத் தெரியும், மையும் ஊறும். 1970களிலும் 1980களிலும் பரவலாக விற்ற, பசைத்தாளின்மேல் கண்ணாடித்தாள் மூடிய அல்பங்கள் படங்களின் சத்துரு. பசை மஞ்சளித்துப் படத்தையும் தின்றுவிடும். சட்டமிட்ட படம் ஈரத்தினாற் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கக் கூடாது; கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கவேண்டும். லமினேற் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். அது மீளாச் சிறை. தகரக் கூரையின் கீழும், மழை ஊறும் வெளிச்சுவரிலும் படங்களை வைத்தல் ஆகாது. மேலும், அவசரம் எதற்கு என்பதிலும் ஒரு பொதுவான தவறான கருத்து இருக்கிறது. பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியினால் ஆனது, ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்குப் பின்வந்த வர்ணப் படங்களின் சாயமே விரைந்து வெளிறுவது. அதாவது, சாதாரண மக்களுக்கும் படம் எட்டிய காலத்துப் படங்களே முதலில் அழிந்துகொண்டிருக்கின்றன.

கணினியிற் பிரதி எடுக்கும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், ஓரங்களையும் கிழிசலையும் சேர்த்து, பின்புறத்தையும் சேர்த்து எடுக்கவேண்டும். பிரதி எடுத்தபின் மூலத்தை வீசிவிடலாகாது. அதற்குமேல் முக்கியமானது, முதியோரை இருத்தி ஒவ்வொரு முகத்துக்கும் இலக்கமிட்டுப் பெயர் கேட்டு எழுதுவது. வீட்டுக்காரரை மட்டும் கேட்டாற் போதாது. ஒழுங்கையின் மறுமுனையில் இருப்போரிடமும் அதே படத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டுக்காரர் ‘யாரோ வேலையாட்கள்’ என்று சொன்ன இடத்தில் அங்கே நான்கு பெயர் கிடைக்கும்; கூலி எவ்வளவு, எப்போது வேலையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பனவும் கிடைக்கும். சொன்னவர் யார், எந்த நாளிற் சொன்னார், எதில் ஐயம் என்பவற்றையும் குறிக்கவேண்டும். வெளியிட்டால் இடர் வரக்கூடிய படங்களை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது. நாம் வாழும் நாடு எத்தகையது என்பதை மறக்கவியலாது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தினர் போன்றோரின் உழைப்பு நமக்கு முன்மாதிரியாக உண்டு.

வர்ணமூட்டுதல் பற்றியும் ஒரு சொல். சிதைந்த முகத்தை இயந்திர அறிவினாற் ‘புதுப்பித்து’ மகிழ்வது இப்போது பரவியிருக்கிறது. இயந்திரத்துக்கு அந்த முகம் தெரியாது. ஆயிரம் பிற முகங்களைக் கண்ட பழக்கத்தினால் ஒரு மூக்கையும் ஒரு கண்ணையும் ஊகித்து அங்கே வைக்கிறது. சேலைக்கு அது தரும் நிறம் எவரும் உடுத்தியிராத நிறம்; கறுத்த மேனிகளை அது வெளிற வைப்பதையும் கவனித்திருக்கிறோம். தம் பாட்டியார் சிவந்த மேனியராய் இருந்தாரெனப் பேரப்பிள்ளைகள் பூரித்துப்போகிறார்கள். கலியாணத் தரகர் சாதகக் குறிப்போடு கொண்டுதிரிந்த பொம்பிளைப் படத்துக்கு ஸ்ரூடியோக்காரர் அக்காலத்தில் மை தடவிச் செய்த காரியத்தை இன்று இயந்திரம் இலவசமாகச் செய்கிறது. சீதனச் சந்தையின் இரசனை மாறவில்லை. விளையாட்டாகச் செய்வோர் செய்துகொள்ளட்டும். அதை ஆவணம் என்று கூறி மூலத்தின் இடத்தில் வைப்பது மோசடி.

நல்லூர்த் திருவிழாவுக்கும் பாடசாலை நூற்றாண்டு விழாவுக்கும் என்று ஆடி ஆவணியிலே பிறதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊருக்கு வருகின்றனர். வருபவர்களிடம் நமது கோரிக்கை குறிப்பானது. உங்கள் வீட்டு அல்பங்களின் பிரதிகளை, வெட்டாமல், ஓரங்களோடு கொண்டுவாருங்கள். பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ ஒரு பின்னேரம் மேசைகளைப் போட்டு அவற்றைப் பரப்புவோம். ஊரின் எல்லாக் குறிச்சிகளுக்கும் அழைப்பு அனுப்புவோம். ஒரு குறிச்சியையும் விடமாட்டோம். பெயர் எழுதும் வேலையை மாணவர் செய்வர். யார் யாரை அடையாளங் காட்டுகிறார்கள், எந்தப் படத்தின் முன் யார் நெடுநேரம் நிற்கிறார்கள் என்பதை வீட்டுக்காரரும் அங்கே இருந்து பார்க்கவேண்டும். கைக்குழந்தையை அணைத்து நின்ற அந்தச் சிறுமிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகிறது. அவர் வருவதற்கு ஓட்டோ ஒழுங்கு செய்து கொடுப்போம்.